கேஸில் ஓடிய சீலா

போன வருடம் தவக்காலம் முடிந்த கையோடு என் வீட்டு முற்றத்தில் ஒரு கார் வந்து நின்றது. கார் என்றால் கடைக்குப் போய்க் காய்கறி வாங்கி வரும் கார் இல்லை. ஜப்பானில் செய்தது, டர்போ வைத்தது, பின்பக்கம் ஒரு இறக்கை. ஸ்டார்ட் பண்ணினால் அடுத்த தெருவில் தூங்குகிற பிள்ளை விழித்துக்கொள்ளும். அதில் ஒரு நட்டு கூட எனக்குச் சொந்தம் இல்லை. முழுவதும் என் தம்பி பாஸ்கலின் பெண்டாட்டி விஜிலாவுக்குச் சொந்தம். முற்றம் மட்டும்தான் எனக்குச் சொந்தம். அந்த முற்றத்தில் ஒரு போர்வை காயப்போட இடமில்லாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

என் பெயர் பிளாரன்ஸ். துறைமுகத்தில் டேலி கிளார்க். கப்பலில் ஏறுகிற இறங்குகிற சரக்கை நின்று எண்ணுகிற வேலை. கிரேன் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தித் தொண்டை அந்த அளவிலேயே நின்றுவிட்டது. வீட்டிலும் அதே தொண்டைதான். முத்தையாபுரத்தில் எங்கள் தெருவில் நான் சண்டை போடாத வீடு என்றால் பூட்டிக் கிடக்கிற வீடுதான். ஆனால் இது என் கதை இல்லை, விஜிலாவின் கதை. அவளைப் பற்றி அவள் வாயால் சொல்ல மாட்டாள். சொல்லச் சொன்னால் ஸ்பானரை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் போய்விடுவாள்.

விஜிலா தருவைகுளத்துப் பிள்ளை. அவள் அப்பா மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் ஓட்டியவர். பள்ளிக்கூடம் விட்டால் அவள் போகிற இடம் அந்த ஐஸ் கம்பெனிதான். மற்ற பிள்ளைகள் ஐஸ் துண்டு பொறுக்கிக் கடிக்கும். இவள் குழாயில் எந்த இடத்தில் வெள்ளையாக உறைகிறது, எந்த இடத்தில் உறையவில்லை என்று பார்த்துக்கொண்டு நிற்பாளாம். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தாள். அதே ஐஸ் கம்பெனியில் சூப்பர்வைசராக வேலை பார்த்தாள். என் தம்பியைக் கட்டிக்கொண்டு புன்னைக்காயல் போன பிறகும் அந்த வேலையை விடவில்லை. ஆட்டோக்கள் எல்லாம் பெட்ரோலை விட்டுக் கேஸுக்கு மாறத் தொடங்கிய காலத்தில் மதுரைக்குப் போய்ப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்து, என் வீட்டை ஒட்டி இருந்த ஷெட்டில் கேஸ் கிட் மாட்டுகிற கடை போட்டாள். பாஸ்கல் கடலுக்குப் போவது புன்னைக்காயலில் இருந்து. இவள் காலையில் பஸ் ஏறி இங்கே வருவாள், சாயங்காலம் பஸ் ஏறி அங்கே போவாள்.

அவள் வேலை செய்கிறதைப் பார்க்க வேண்டும். ஒரு தட்டில் சோப்பு நுரை, கையில் பழைய ஷேவிங் பிரஷ். குழாய் சேர்கிற இடம் ஒவ்வொன்றிலும் நுரையைத் தடவிவிட்டுக் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்துவிடுவாள். முட்டை விட்டால் கேஸ் கசிகிறது என்று அர்த்தம். முட்டை விடுவது நிற்கிற வரைக்கும் வண்டியை வெளியே விட மாட்டாள். ஆட்டோக்காரன் சவாரி போகுது என்று குதித்தாலும் சரி, குட்டிக்கரணம் அடித்தாலும் சரி. ஊருக்குள் அவளுக்குக் கேஸ் அக்கா என்றே பெயர். அவளைவிடப் பெரிய கிழவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

இந்தக் கார் அவளிடம் வந்தது ஒரு டாக்டர் வீட்டுப் பையன் கைகழுவியதால். அந்த என்ஜினுக்கு உயர்ரகப் பெட்ரோல் வேண்டுமாம். நம்மூர் பங்கில் கிடைப்பதை ஊற்றி, நம்மூர் வெயிலில் ஆக்சிலேட்டரை மிதித்தால் உள்ளே டிக் டிக் என்று தட்டும். தட்டினால் என்ஜினின் கம்ப்யூட்டர் பயந்துபோய்ச் சக்தியைக் குறைத்துவிடும். சிங்கத்தைப் போலக் கத்துகிற கார் லாரியைப் போல இழுக்கும். அந்தப் பையன் அங்கே இங்கே காட்டிப் பார்த்துப் பொறுமை போய் வந்த விலைக்குத் தள்ளினான். விஜிலா சீட்டு எடுத்து வாங்கி, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். அதற்குச் சீலா என்று பெயர் வேறு வைத்தாள். சீலா மீன் தண்ணீரில் பாய்கிற வேகம் கடற்கரைக்காரர்களுக்குத் தெரியும். என் முற்றத்தில் நின்ற சீலா ஒரு அடி கூட நகரவில்லை.

"ஏளா, இது என்ன வீடா, மீன் ஏலம் போடுத எடமா? எப்பம் எடுப்ப?" என்று கேட்டேன்.

"கேஸ்ல ஓட்டிக் காட்டிட்டு எடுக்கேன் மைனி" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேஸ் ஆட்டோவுக்கு. பந்தயக் காருக்குக் கேஸ் போடுகிறவளை நான் கேள்விப்பட்டதே இல்லை. அவள் சிரிக்கவில்லை. எனக்கு உட்கார்ந்து விளக்கினாள். கேஸ் சீக்கிரம் தட்டாது. எவ்வளவு அமுக்கினாலும் பொறுமையாக இருந்து, பற்ற வேண்டிய நேரத்தில்தான் பற்றும். இந்த என்ஜின் கேட்கிற உயர்ரகம் இதுதான். நம்மூர் கேஸ் பங்கிலேயே கிடைக்கிறது. மிச்சம் பிடிக்க இல்லை மைனி, வேகத்துக்குத்தான் கேஸ் போடுதேன் என்றாள். சொல்லும்போது அவள் கண்ணைப் பார்க்க வேண்டுமே. கல்யாணத்தன்று கூட அப்படி ஒரு மினுக்கு நான் பார்க்கவில்லை.

ஆனால் மினுக்கைப் பார்த்து இரங்குகிற ஆள் நான் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் என் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது தீர்ப்பைச் சொன்னேன். உப்பளத்து நேர்ரோட்டில் வருடத்துக்கு ஒருமுறை கார்ச் சங்கத்துக்காரர்கள் நானூறு மீட்டர் ஓட்டம் வைப்பார்கள். சாத்தான்குளத்து டேவிட்சன் சார்தான் செயலாளர். போன தடவை அந்த டாக்டர் வீட்டுப் பையன் இதே காரைப் பெட்ரோலில் ஓட்டிப் பதினான்கு விநாடிக்குக் கொஞ்சம் மேலே எடுத்திருந்தான். இந்தத் தடவை விஜிலா கேஸில் தொடங்கிக் கேஸிலேயே முடிக்க வேண்டும், அந்த நேரத்தைவிடக் குறைய வேண்டும். குறைந்தால் கார் இருக்கட்டும். குறையாவிட்டால் அன்று சாயங்காலமே காரை விற்றாக வேண்டும். வாங்குவதற்கு ஆளும் பிடித்துவிட்டேன். எங்கள் துறைமுகத்துக்கு லாரி விடுகிற காசிலிங்கம் அண்ணாச்சி. கேஸைக் கழற்றி எறிந்துவிட்டுக் கோயம்புத்தூருக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார்.

பாஸ்கல் சோற்றைப் பிசைந்துகொண்டே தலையாட்டினான். அவனுக்குக் கேஸ் என்றாலே பயம். "அக்கா சொல்லுதது சரிதான். முத்தத்துல குண்ட வச்சிட்டு நா எப்பிடி நிம்மதியா கடலுக்குப் போவேன்?" என்றான்.

விஜிலா அவனை ஒரு பார்வை பார்த்தாள், என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சரி மைனி. மாதா மேல சத்தியமா. தோத்தா குடுத்திருதேன்" என்றாள். அதற்குப் பிறகு அந்தக் குழம்பில் அவள் கை வைக்கவில்லை.

அன்றிலிருந்து என் முற்றம் பட்டறை ஆகிவிட்டது. ஸ்டெப்னி வைக்கிற குழியில் வட்டமான கேஸ் டேங்க் உட்கார்ந்தது. முன்னால் என்ஜின் பக்கத்தில் கைக்குள் அடங்குகிற ஒரு டப்பா. டேங்கில் தண்ணீராக இருக்கிற கேஸை ஆவியாக்கி என்ஜினுக்குக் கொடுக்கிறது அந்த டப்பாதான். டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச். பச்சை விளக்கு எரிந்தால் கேஸ், சிவப்பு எரிந்தால் பெட்ரோல். ஸ்டார்ட் பண்ணுவது பெட்ரோலில். என்ஜின் சூடானதும் கேஸுக்கு மாறலாம். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடையாய் நடந்து ஆர்.சி. புத்தகத்திலும் கேஸ் என்று ஏற்றிவிட்டு வந்தாள். வீட்டுச் சிலிண்டரை வைத்து ஓட்டிப் பாரேன் என்று சொன்ன ஒரு ஆட்டோக்காரனைச் சோப்புத் தட்டாலேயே அடிக்கப் போனாள்.

முதல் சோதனைக்கு உப்பளத்து ரோட்டுக்கு என்னையும் ஏற்றிக்கொண்டு போனாள். வேவு பார்க்கத்தான் நான் போனேன். அவள் ஆக்சிலேட்டரை மிதித்தாள். என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு பக்கமும் உப்புக் குவியல் வெள்ளையாய்க் கரைந்து ஓடியது. டிக் டிக் சத்தமே இல்லை. ஏசுவே என்று கத்த வாயைத் திறந்தேன், காற்று வாய்க்குள் போய்விட்டது. அப்படி ஒரு இழுப்பு. அடுத்த நொடி பீப் பீப் என்று சுவிட்ச் கத்தியது, பச்சை அணைந்து சிவப்பு எரிந்தது, கார் சோர்ந்துபோனது.

எனக்குள்ளே ஒரு பக்கம் சந்தோஷம். முற்றம் எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். அவள் இறங்கிப் பானெட்டைத் தூக்கினாள். அந்த டப்பா முழுக்க வெள்ளை வெளேர் என்று உறைபனி. தூத்துக்குடி மே மாத வெயிலில், கொதிக்கிற என்ஜினுக்குப் பக்கத்தில், ஐஸ். நான் தலையில் கைவைத்தேன். இவள் கடகடவென்று சிரிக்கிறாள்.

"மைனி, ஐஸ் கம்பெனி வந்துட்டு" என்றாள்.

கேஸ் ஆவியாகும்போது சுற்றியிருக்கிற சூட்டை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். மீனுக்கு ஐஸ் கட்டுகிற வித்தையே அதுதான். ஆட்டோ என்ஜின் கொஞ்சமாகக் குடிக்கும், அதனால் ஆட்டோவில் உறையாது. இது மிடறு மிடறாகக் குடிக்கிறது. ஒரு டப்பாவால் அவ்வளவு கேஸைச் சூடாக்கிக் கொடுக்க முடியவில்லை. "ஒண்ணுக்கு ரெண்டா வச்சு, சுடுதண்ணிக் கொழாயப் பெருசாக்குதேன். அப்பா இருந்தா அவரும் இதைத்தான் சொல்லுவாரு" என்றாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். ஊமையாய் இருந்தவள் அன்று என்னைப் பேசவிடவில்லை.

இரண்டு டப்பா மாட்டினாள். அந்த அவசரத்தில்தான் தப்பு நடந்தது. பழைய குழாயைக் கழற்றியபோது உள்ளே கொஞ்சம் கேஸ் தங்கியிருந்தது. புஸ் என்று இடது உள்ளங்கையில் பீறிட்டு அடித்தது. நெருப்பில்லை, குளிர். ஆனால் நெருப்பில் வெந்த மாதிரியே தோல் வெள்ளையாகிக் கொப்பளித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுவிட்டு, காயம் ஆறுகிறவரை இந்தக் கையால் எதையும் பிடிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஓட்டத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. கியர் போடுவது இடது கையால்தான்.

அன்று சாயங்காலம் அவள் காரின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் திட்டியிருப்பேன். பாஸ்கல் புன்னைக்காயலில் இருந்து பதறி ஓடிவந்தான். கட்டுப் போட்ட கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

"நா ஓட்டுதேன்" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏலே, நீ என் கட்சிலா?" என்றேன்.

"ஒன் கட்சிதாங்க்கா. அதுக்காவ ஓட்டாம தோக்கச் சொல்லுதியா?" என்றான்.

என் தம்பிக்குப் படகு ஓட்டிக் காப்புக் காய்த்த கை. அலை எந்தப் பக்கம் தூக்கும் என்று உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துகொள்வான். காரும் அவனுக்கு நன்றாகவே வரும். விஜிலா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி, பிறகு சுவிட்சைத் தட்டுவது அவனுக்குப் புதுசே இல்லை. அவன் படகு மோட்டாரும் அப்படித்தான். பெட்ரோலில் கிளப்பிவிட்டு, நடுக்கடலில் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவான். திரும்பி வரும்போது புன்னைக்காயல் கோயில் கோபுரம் முழுசாகத் தெரிந்ததும் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிக்கொண்டு கரையேறுவான். மோட்டாருக்குள் மண்ணெண்ணெய் தங்கினால் மறுநாள் விடியற்காலை கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றுபோகும். காரிலும் அதையே செய்தான். எங்கள் தெருத் திருப்பம் வந்தால் போதும், கை தானாகப் போய்ச் சுவிட்சைத் தட்டும். சிவப்பு விளக்கோடுதான் முற்றத்துக்குள் வருவான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். விஜிலாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "நல்ல பழக்கந்தான் மைனி, காலைல ஸ்டார்ட்டிங் லேசா இருக்கும்" என்றாள்.

ஓட்டத்தன்று உப்பளத்தில் நல்ல கூட்டம். மதுரை, நாகர்கோவில் என்று எங்கெங்கிருந்தோ கார்கள். பையன்கள் எல்லாம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நம் சீலாவைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். பின்னால் கேஸ் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு ஒருவன், "இதுல மூணு பேரு ஏறுனா மீட்டர் போடுவீங்களா?" என்று கேட்டான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு வந்ததே கோபம். என் வீட்டுக் காரை நான் கேலி பண்ணலாம், இவன் யார்? "தம்பி, ஒன் வண்டி வந்து சேந்ததும் சொல்லு, ஆட்டோவுல ஏத்தி வீட்டுக்கு அனுப்புதேன்" என்றேன். கறுப்புக் கண்ணாடி நகர்ந்துவிட்டது.

விதி இதுதான். ஒவ்வொரு காருக்கும் இரண்டு ஓட்டம். கேஸில் ஓடுகிற கார் என்றால் கேஸில் கிளம்பிக் கேஸிலேயே கோட்டைத் தாண்ட வேண்டும். உள்ளே ஒரு போனை ஒட்டிச் சுவிட்சின் விளக்கை வீடியோ எடுப்பார்கள். முடிகிற இடத்தில் சவுக்குக் கம்பு நட்டு, வெள்ளைத் துணி சுற்றி, உச்சியைக் கூராக்கி ஒரு வளைவு கட்டியிருந்தார்கள். அதற்குப் பக்கத்து மேசையில் டேவிட்சன் சார். நான் அவர் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் குடை சிவப்புக் குடை. இந்தப் பக்கம் காசிலிங்கம் அண்ணாச்சி, கையில் கார் சாவி மாட்ட ஒரு புது வளையத்தோடு.

பாஸ்கல் கிளம்பினான். முதலில் சத்தம்தான் வந்தது. அப்புறம் கானல் நடுவில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி காராக மாறியது. எந்த வண்டியும் அன்றைக்கு அப்படி வரவில்லை. கியர் மாற்றும்போது கூட மூச்சு விடவில்லை சீலா. உறையவில்லை, தட்டவில்லை. என் கட்சி எது என்பதை மறந்துபோய் நான் குடையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

வளைவு நெருங்குகிற நேரத்தில் காருக்கு ஒரு விக்கல் எடுத்தது. சின்ன விக்கல்தான். கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. டேவிட்சன் சார் கார் நின்றதும் போனை வாங்கிப் பார்த்தார். இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்தார்.

"நேரம் நல்ல நேரம், மேடம். ஆனா கடைசில விளக்கு செவப்பாயிட்டு. கோட்டுக்கு முன்னாலயே பெட்ரோலுக்கு மாத்திட்டாரு. கணக்குல வராது" என்றார்.

என் முற்றம் எனக்குக் கிடைத்துவிட்டது. நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆத்திரம்தான். விறுவிறுவென்று போய்க் கார்க் கதவைத் திறந்தேன்.

"ஏலே, அறிவிருக்கா ஒனக்கு? தோக்கணும்னா நேரா தோக்க வேண்டியதான? கட்டுன பொண்டாட்டிய இப்பிடியால ஏமாத்துவ?"

பாஸ்கல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். முகம் வெளுத்துக் கிடந்தது. "இல்லக்கா. நா மாத்தல. கைதாங்க்கா மாத்திட்டு" என்றான். அவன் கண் கலங்கிவிட்டது. நான் அவனை அப்படிப் பார்த்தது அம்மா அடக்கத்தன்றுதான்.

விஜிலா ஓடி வந்தாள். அவள் என்னைப் போலக் கத்தவில்லை. குனிந்து அவன் முகத்துக்கு நேரே கேட்டாள்.

"என்னத்தப் பாத்திய?"

"தூரத்துல வெள்ளையா, கூரா தெரிஞ்சிச்சு. கோபுரம்னு கை நெனச்சிட்டு."

விஜிலா திரும்பி அந்த வளைவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மாதாவே, கானலில் நின்ற அந்தத் துணி வளைவு கடலில் இருந்து பார்க்கிற கோயில் கோபுரம் போலவேதான் இருந்தது. தினமும் அதைப் பார்த்து எண்ணெய் மாற்றுகிற கை. அது யார் சொல்லைக் கேட்கும்?

"அவுக கரையப் பாத்துட்டாக மைனி" என்றாள் விஜிலா. கோபமே இல்லை அந்தக் குரலில்.

காசிலிங்கம் அண்ணாச்சி மெல்ல என் பக்கம் வந்தார். "அப்பம் சாயங்காலம் வண்டிய எடுத்துக்கிடலாம்லா?" என்றார்.

"இன்னொரு ஓட்டம் கெடக்கு அண்ணாச்சி. அதுக்குள்ள என்ன பறக்கிய?" என்றேன்.

சுவிட்சின் மேல் டேப் ஒட்டிவிடலாமா என்று டேவிட்சன் சாரிடம் கேட்டோம். கூடாது என்றார். ஆபத்து என்றால் தட்டுவதற்குச் சுவிட்ச் கைக்கெட்டும்படி இருந்தாக வேண்டும், விளக்கும் தெரிய வேண்டும். வளைவைப் பார்க்காதே என்று பாஸ்கலிடம் சொன்னேன். எதிரே இருக்கிறதைப் பார்க்காமல் எப்படி ஓட்டுவது என்று கேட்டான். அதுவும் நியாயம்தான். விஜிலாவே ஓட்டுகிறேன் என்று கட்டை அவிழ்க்கப் போனாள். பாஸ்கல் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

அப்போதுதான் அவள் என்னைப் பார்த்தாள். என்னை என்று சொல்ல முடியாது, என் குடையைப் பார்த்தாள்.

"ஏங்க, இங்கன பாருங்க" என்று பாஸ்கலின் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். "அந்த வெள்ளை கோபுரம் இல்ல. அது கடலுக்குள்ள நிக்குத மிதவைன்னு வச்சுக்கிடுங்க. அதையும் தாண்டி உள்ள வரணும். மைனி அங்கன, ரோடு முடியுத எடத்துல, கொடையோட நிப்பாக. செவப்புக் கொடைதான் கரை. அது பக்கத்துல வார வரைக்கும் கடல்தான். என்ன?"

பாஸ்கல் என் குடையைப் பார்த்தான். "செவப்புக் கொடைதான் கரை" என்று மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

என்னிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கார் வந்தபோதும் கேட்கவில்லை, கரையாக்கியபோதும் கேட்கவில்லை. இந்தக் குடும்பமே அப்படித்தான்.

டேவிட்சன் சார் ஒரு ஆளை அனுப்பி, கார் பிரேக் போட்டு நிற்கிற தூரத்துக்கும் அப்பால், ரோட்டை விட்டு ஒதுங்கி நிற்க எனக்கு இடம் காட்டினார். நான் நடந்தேன். உப்புக் காற்று சேலையைப் பிடித்து இழுக்கிறது. வெயில் தரையில் இருந்து முகத்தில் அடிக்கிறது. நடக்கும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது, வராமல் இருக்குமா. வளைவுக்குப் பக்கத்திலேயே ஏதாவது சாக்குச் சொல்லி நின்றுகொண்டால் போதும். அவன் கை சுவிட்சுக்குப் போகும். சாயங்காலம் முற்றம் காலி. போர்வை, தலையணை உறை, எல்லாம் ஒரே நாளில் காயும். காசிலிங்கம் அண்ணாச்சி அங்கே புது வளையத்தைச் சுழற்றிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஆள் காட்டிய இடத்துக்கு வந்து சேர்ந்தேன். திரும்பி வளைவைப் பார்த்தேன். பக்கமாக இருக்கிற மாதிரி தோன்றியது. அவன் கைக்கு என்ன நம்பிக்கை? இன்னும் கொஞ்சம் பின்னால் போனேன். ஒரு உப்புக் குவியல் மேல் ஏறினேன். செருப்பு புதைந்தது. குடையை விரித்து, இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

தூரத்தில் சத்தம் கிளம்பியது. உப்புக் குவியல் என் காலுக்கடியில் அதிர்ந்தது போல இருந்தது. கார் என்னை நோக்கி நேராக வருகிறது. பக்கவாட்டில் பார்க்கிறது வேறு, எதிரே நின்று பார்க்கிறது வேறு. அது வரவில்லை, வளர்ந்துகொண்டே இருக்கிறது. எனக்குக் கடலும் தெரியவில்லை, கூட்டமும் தெரியவில்லை. "ஏலே, கைய வச்சுக்கிட்டு சும்மா இரு. சும்மா இருல. கரை இங்கன இருக்கு" என்று கத்துகிறேன். துறைமுகத்தில் கிரேன்காரனுக்குக் கேட்கிற தொண்டை. அவனுக்குக் கேட்டதோ இல்லையோ, வளைவைத் தாண்டும்போது ஒரு விக்கல் இல்லை, ஒரு திணறல் இல்லை. வெள்ளைத் துணியைக் கிழித்துவிடுவது போல உள்ளே வந்து வெளியே போனது சீலா.

பிரேக் பிடித்தான். டயர் வாசனை வந்தது. கார் மெதுவாகி, மெதுவாகி, நான் நிற்கிற குவியலுக்கு நேரே வந்தது. அப்போது பார்த்தேன். அவன் கை போய்ச் சுவிட்சைத் தட்டியது. பச்சை போய்ச் சிவப்பு எரிந்தது. கார் நின்றது.

ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "கரைக்கு வந்துட்டேங்க்கா" என்றான்.

நான் உப்புக் குவியலில் இருந்து சறுக்கிக்கொண்டு இறங்கினேன். சேலையெல்லாம் உப்பு. அங்கே மைக்கில் டேவிட்சன் சார் குரல் கரகரத்தது. காற்றில் பாதிதான் கேட்டது. பதிமூன்று என்றது கேட்டது. கேஸ் என்றது கேட்டது. பிறகு பச்சை விளக்கு, கோடு வரைக்கும் பச்சை விளக்கு என்று இரண்டு தடவை சொன்னார். கூட்டம் போட்ட சத்தத்தில் மிச்சம் போய்விட்டது. பாஸ்கல் ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரிக்கிறான், அழுகிறான், எது எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. "யக்கா, இவ எம் போட்டு மோட்டாருக்கும் கேஸ் வைப்பாளான்னு கேளேன்" என்கிறான். காலை வரைக்கும் கேஸைக் குண்டு என்று சொன்னவன்.

விஜிலா ஓடி வந்துகொண்டிருந்தாள். கட்டுப் போட்ட கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அந்த நீள ரோடு முழுக்கச் செருப்பில்லாமல் ஓடி வந்தாள். வந்தவள் தன் புருஷனைப் பார்க்கவில்லை. நல்ல கையைப் பானெட்டின் மேல் வைத்துக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்கியது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. "மைனி" என்றாள்.

அவள் அழத் தொடங்கினால் நானும் தொடங்கிவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். குடையை மடக்கினேன். உப்பைத் தட்டினேன்.

"ஏளா, வீட்டுக்குப் போனதும் வண்டியச் செவத்த ஒட்டி நிப்பாட்டு" என்றேன். "நாளைக்கு நா துணி காயப்போடணும்."